பல்லும் பாதமும்

அரிசி மண்டியில் சாக்கைக் கடித்துப் பிய்க்கிற எலியையும், ராத்திரி சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடுகிற மூஞ்சூறையும் விருத்தாசலத்தில் ஒரே பொறி வைத்துத்தான் பிடிக்கிறோம். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டுக்கும் வால் உண்டு, இரண்டும் இருட்டில் திரிபவை. ஆனால் உறவுமுறை பார்த்தால் எலிக்கு மூஞ்சூறைவிட நாம்தான் நெருக்கம். எலி, முயல், குரங்கு, மனிதன் எல்லாம் ஒரு பெருங்கிளை. வௌவாலும் நாயும் மாடும் திமிங்கிலமும் இருக்கிற வேறொரு பெருங்கிளையில் மூஞ்சூறு போய்ச் சேர்கிறது. மரபணு ஆய்வுகள் இதை ஐயமில்லாமல் காட்டிவிட்டன.

மேல்தோற்றத்தை நம்புகிறவர் இப்படித்தான் ஏமாறுவார். அதனால் இந்த அத்தியாயத்தில் நிறத்தையும் பருமனையும் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். ஒரு பாலூட்டி எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதை முதலில் அதன் வாய் சொல்லும். அடுத்துப் பாதம் சொல்லும். வரிசைக்குள் எந்தக் குடும்பம் என்பதற்கு வால், மூக்கு, காது, கடைவாய்ப் பற்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிறம் ஊருக்கு ஊர் மாறும், வயதுக்கு வயது மாறும். தின்பதற்கும் நடப்பதற்கும் அமைந்த உறுப்புகள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

விருத்தாசலம் இந்தப் பாடத்துக்கு நல்ல இடம். மணிமுத்தாற்று மணலும் வண்டலும் காலடியை அப்படியே வாங்கிக்கொள்ளும். சுற்றிலும் முந்திரித் தோப்பு, நிலக்கடலைக் கொல்லை, கரும்பு, ஏரிக்கரை. பழமலைநாதர் கோயில்போல நூற்றாண்டுகள் கண்ட கற்கட்டடங்களும், பழைய ஓட்டு வீடுகளும் உண்டு. காட்டுக்குப் போகாமலே ஏழெட்டு வரிசைகளை இங்கே பழகிவிடலாம்.

தொடுவதற்கு முன்

செத்துக் கிடக்கும் எந்த விலங்கையும் வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் வரும். வௌவால், நாய், நரி, கீரி கடித்தால் வெறிநோய் வர வாய்ப்பு உண்டு. கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்று: காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 பட்டியலிட்டுள்ள விலங்குகளின் மண்டையோடு, தோல், முள் எதையும் வீட்டில் சேர்த்து வைப்பது குற்றம். படம் எடுங்கள், அளவெடுங்கள், அச்சு எடுங்கள். பொருளை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கொல்லையில் ஒரு மண்டையோடு கிடக்கிறது, பாலூட்டியா பறவையா ஓணானா என்று தெரியவில்லை என்றால் அதன் பின்புறத்தைப் பாருங்கள். கழுத்தெலும்போடு பொருந்துகிற எலும்புக் குமிழ் இரண்டு இருந்தால் பாலூட்டி. ஒன்றே இருந்தால் பறவை அல்லது ஊர்வன. கீழ்த்தாடை ஒவ்வொரு பக்கமும் ஒரே எலும்பாக இருப்பதும், முன்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று பற்கள் வகைவகையாக இருப்பதும் பாலூட்டிக்கு உரிய அடையாளம்.

வாய்

எலியின் வாயில் முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள். கோரைப்பல் கிடையாது. அந்த இடத்தில் வெறும் ஈறு, பிறகுதான் கடைவாய்ப் பற்கள். இந்த நான்கு வெட்டுப்பற்களும் நடுவே உள்ள இடைவெளியும் இருந்தால் அது கொறிணி வரிசை, அதாவது ரோடென்ஷியா. அணில், பெருச்சாளி, சுண்டெலி, முள்ளம்பன்றி எல்லாம் இதில் அடக்கம்.

அந்த வெட்டுப்பல்லைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். முன்பக்கம் செம்மஞ்சள் நிறத்தில் பளபளக்கும். பின்பக்கம் மங்கிய வெள்ளை. இந்த ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க இரண்டு வார்த்தை போதும்: ஒரு பக்கம் மட்டும் கிளேஸ் போட்டுச் சுட்ட பண்டம் இது. முன்பக்கத்து எனாமல் கடினம், பின்பக்கத்து டென்டைன் மெத்து. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து முன்விளிம்பு உளியாகக் கூராகிறது. பல் வேரிலிருந்து வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் தேய்ந்தது தீர்வதில்லை. செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணம் எனாமலில் கலந்திருக்கும் இரும்பு. ஸ்லிப் என்னும் களிமண் குழம்பை வார்ப்பதற்கு முன்னால் காந்தத்தின் மேல் ஓடவிட்டு இரும்புத் துணுக்கைப் பிரிப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். விட்டால் சுட்டபின் வெள்ளைப் பண்டத்தில் பழுப்புப் புள்ளி விழும். பீங்கானுக்குக் கெடுதலான அந்த இரும்பு எலியின் பல்லுக்கு உறுதி தருகிறது.

இப்போது மூஞ்சூறின் வாய். முன்னால் மேலே ஒரு சோடிப் பல் கொக்கியாக வளைந்திருக்கும். அதற்குப் பின்னால் இடைவெளியே இல்லை. சிறிதும் பெரிதுமாகக் கூர்ப்பற்கள் கடைவாய் வரை நெருக்கமாக நிற்கும். அத்தனையும் வெள்ளை. இது கொறிக்கிற வாய் இல்லை. கரப்பானின் ஓட்டை உடைத்துக் கவ்வுகிற வாய். மூக்கு தாடையைத் தாண்டி நீண்டு, எப்போதும் துருதுருவென்று அசையும். கண் மிளகளவு. எலிக்கு முன்னங்காலில் நன்றாகத் தெரிவது நான்கு விரல். மூஞ்சூறுக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து. விலாவில் கத்தூரி வாடை சுரக்கும் சுரப்பி உண்டு. பூனை கொன்றாலும் தின்னாமல் போட்டுவிட்டுப் போவது அந்த வாடையால்தான். வரிசை யூலிபோடிப்லா, குடும்பம் சோரிசிடே.

மூஞ்சூறு நம் வீட்டில் முக்கியமாகத் தேடி வருவது கரப்பானையும் பூச்சியையும். எலி என்று நினைத்து அதை அடித்துப்போடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற வழக்கம். கதவைத் திறந்துவிட்டால் சுவரோரமாகவே போய்விடும். தாயின் வாலடியை ஒரு குட்டி கவ்வ, அதன் வாலடியை அடுத்தது கவ்வ, வரிசையாக ரயில்போலப் போவதை ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு துடைப்பத்தைத் தூக்க மாட்டார்கள். பழமலைநாதர் கோயிலில் படியிறங்கி ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிடப் போகிறவர்கள், பிள்ளையார் சன்னிதிகளில் இருக்கும் வாகனத்தின் முகத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்: சிற்பி வடித்தது எலியா, மூஞ்சூறா?

மூஞ்சூறின் வரிசையிலேயே எரினேசிடே குடும்பத்தைச் சேர்ந்தது முள்ளெலி. தமிழகத்தின் வறண்ட நிலங்களில் வாழ்வது. முதுகு முழுக்கக் குட்டை முள், வயிற்றுப் பக்கம் முடி, பயந்தால் பந்தாகச் சுருளும். முள்ளம்பன்றியோ கொறிணி. அதன் முள் பேனா நீளத்துக்கு மேல், கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு இருக்கும். அது சுருளாது, முதுகைக் காட்டிப் பின்வாங்கிக் குத்தும். பெயரில் ஒன்று எலி, மற்றது பன்றி. வாயைப் பார்த்தால் முள்ளெலி எலியும் இல்லை, முள்ளம்பன்றி பன்றியும் இல்லை.

முயலையும் பலர் கொறிணியோடு சேர்த்துவிடுகிறார்கள். அறிவியலாளர்களே வெகுகாலம் அப்படித்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். 1912-இல் கிட்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்தான் முயலுக்குத் தனி வரிசை வேண்டுமென்று வாதிட்டார். அது இன்று லாகோமார்பா. முயலின் மேல்தாடையில் பெரிய வெட்டுப்பற்களுக்கு நேர் பின்னால், ஒளிந்து நிற்பதுபோல, இன்னொரு சோடிச் சின்னப் பற்கள் இருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் திருப்பி உட்புறம் பார்க்க வேண்டும். எந்தக் கொறிணிக்கும் இந்த இரண்டாம் வரிசை கிடையாது. கரம்பும் முந்திரித் தோப்பு ஓரமும் நம் காட்டு முயலின் இருப்பிடம். பிடரியில் கறுப்புத் திட்டு, உள்ளங்காலிலும் முடி.

கொறிணிக்குள் குடும்பம் பிரித்தல்

கடைவாய்ப் பற்களை எண்ணுங்கள். ஒரு பக்கம் மேலும் கீழும் மூன்று மூன்றாக இருந்தால் எலிக் குடும்பமான மியூரிடே. மேலே ஐந்து, அதில் முதலாவது குச்சிபோலச் சின்னது, கீழே நான்கு என்றால் நம் மூவரி அணில், குடும்பம் சியூரிடே. அணிலின் மண்டையோட்டில் கண்குழிக்கு மேலே பின்னோக்கி நீளும் ஒரு கூர் எலும்பும் உண்டு. மேலும் கீழும் நான்கு நான்காகத் தட்டையான பற்கள், மண்டையோடு கைப்பிடிக்கு அடங்காத பருமன் என்றால் முள்ளம்பன்றி, ஹிஸ்ட்ரிசிடே.

எலிக் குடும்பத்துக்குள் கொல்லைக்காரர்களுக்கு வேண்டியது வால் பாடம். கூரையிலும் தென்னையிலும் ஏறும் வீட்டெலியின் வால் உடலைவிட நீளம். வரப்பைக் குடைந்து நெல்லைப் பதுக்கும் வரப்பெலிக்கு வால் உடலைவிடக் குட்டை, முகம் மொட்டையாக அகன்றது. பெருச்சாளி அதன் பெரிய பங்காளி. மடக்கினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். நிலக்கடலைக் கொல்லையின் மணற்பாங்கான மண்ணில் வளை தோண்டுகிற வெள்ளெலியின் வாலில் முடி உண்டு, நுனியில் கறுப்புக் குஞ்சம் இருக்கும். பின்னங்கால் நீளம், கண் பெரிது. அதன் மேல் வெட்டுப்பல்லில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளக்கோடு ஓடும். சின்ன மண்டையோடு மட்டும் கிடைத்தாலும் அந்தக் கோடு ஒன்றே வெள்ளெலி என்று சொல்லிவிடும். எல்லா எலிக்கும் ஒரே வைத்தியம் என்று விஷம் வைப்பதற்கு முன்னால், எந்த எலி என்று தெரிந்துகொள்வது கொல்லைக்கும் நல்லது, அந்த எலியைத் தின்ன வரும் கூகைக்கும் நல்லது.

பல் பாடத்துக்குக் கூகைதான் சிறந்த ஆசிரியர். வெண்மையான இதய வடிவ முகம் கொண்ட இந்தப் பறவை கோபுரப் பொந்திலும் பாழடைந்த கட்டடங்களிலும் தங்கும். இரையை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். கட்டைவிரல் பருமன், காய்ந்தால் கருஞ்சாம்பல். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு ஓர் உருண்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இரண்டு ஊசியால் மெல்லப் பிரியுங்கள். மயிர்க் கற்றைக்குள்ளிருந்து முதலில் கீழ்த்தாடைகள் வரும். செம்மஞ்சள் வெட்டுப்பல் வளைந்து நிற்கிறதா, கொறிணி. தாடை நெடுகக் கூர்ப்பற்கள் வெள்ளையாக நெருங்கி நிற்கின்றனவா, மூஞ்சூறு. மேல்மண்டையில் கன்னத்தெலும்பின் வளைவைத் தேடுங்கள்: எலிக்கு முழு வளைவு இருக்கும், மூஞ்சூறுக்கு வளைவே இருக்காது. பள்ளி மாணவர்கள் இதைப் புத்தகப் படத்தில் படிப்பதைவிட ஓர் உருண்டையைப் பிரித்தால் ஒரே மதியத்தில் கற்றுக்கொள்வார்கள். ஆனால் கூகை குஞ்சு வைத்திருக்கும் காலத்தில் பொந்துப் பக்கம் போகவே வேண்டாம்.

பாதம்

உயிரோடு இருக்கும் ஊனுண்ணி வாயைத் திறந்து காட்டப்போவதில்லை. அதன் வரிசையான கார்னிவோராவுக்கு மேல்தாடையின் கடைசி முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் முதல் பின்கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலாக உரசி இறைச்சியை நறுக்குவது பொது அடையாளம். வீட்டு நாய் கொட்டாவி விடும்போது பக்கவாட்டில் பாருங்கள், தெரியும். நாய்க்கு 42 பல், பூனைக்கு 30. மற்றதெல்லாம் காலடியில்தான்.

மழை நின்ற மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன் மணிமுத்தாற்றுக் கரைக்குப் போங்கள். தாழ்ந்த சூரியன் பக்கவாட்டில் அடிக்கும்போதுதான் தடத்தின் விளிம்பு நிழல் விட்டு எழும்பி நிற்கும். முதலில் விரல்களை எண்ண வேண்டும். நான்கு விரல் என்றால் நாய்க் குடும்பமோ பூனைக் குடும்பமோ. ஐந்து என்றால் கீரி, மரநாய், புனுகுப்பூனை, நீர்நாய் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் புனுகுப்பூனையின் ஐந்தாம் விரல் பல நேரம் மண்ணில் பதியாது. ஒரே ஒரு தடத்தை வைத்து முடிவுக்கு வராமல் நாலு தடம் தொடர்ந்து பாருங்கள்.

நான்கு விரலில், நகம் பதிந்து, தடம் நீள்வட்டமாக, நடு விரல் இரண்டும் சமமாக முன்னால் நின்றால் நாய் அல்லது நரி, கேனிடே. தடம் உருண்டையாக, நகம் பதியாமல், ஒரு விரல் மட்டும் சற்று முந்தி நின்றால் ஃபெலிடே. அதன் உள்ளங்கால் பதிவின் பின்விளிம்பில் மூன்று மேடு தெரியும். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால்தான் நகம் பதிவதில்லை; சேற்றில் வழுக்கினால் அதுவும் நகத்தை நீட்டும் என்பதை நினைவில் வையுங்கள். நரியையும் தெருநாயையும் பிரிப்பது கடினம். நரியின் நடு விரல் இரண்டின் திண்டுகளும் அடியில் ஒட்டியிருக்கும். மெல்லிய வண்டலில் தெளிவாகப் பதிந்தால் அந்த ஒட்டல் தெரியும். நடையும் உதவும்: நாய் அங்குமிங்கும் முகர்ந்து வளைந்து போகும், நரி பெரும்பாலும் நூல் பிடித்ததுபோல் நேராகப் போகும்.

ஐந்து விரலும் நீண்ட நகமும் சின்னத் தடமும் கீரியுடையவை, ஹெர்பெஸ்டிடே. பகலில் கண்ணெதிரே வரும் ஊனுண்ணி என்பதால் அதைப் பார்த்தே பழகலாம்: காது உருண்டு தலையோடு ஒட்டியிருக்கும், கண்மணி படுக்கை வாட்டில் இருக்கும். வால் நுனி கறுத்து மேல்நோக்கி வளைந்திருந்தால் அது செங்கீரி. நம் ஊரில் வழக்கமாகப் பார்க்கும் சாம்பல் கீரிக்கு அப்படி இல்லை.

மரநாயும் புனுகுப்பூனையும் ஒரே குடும்பம், வைவெரிடே. பெயர் கேட்டு ஒன்றை நாயென்றும் ஒன்றைப் பூனையென்றும் நினைக்க வேண்டாம். மரநாய் ஓட்டு வீட்டுக் கூரையிலும் பனையிலும் தங்கும்; முகத்தில் முகமூடிபோல் கறுப்பு, வாலில் வளையம் கிடையாது. புனுகுப்பூனை தரையில் திரியும். உடலில் புள்ளி வரிசைகள், வால் முழுக்கக் கறுப்பு வெள்ளை வளையம். மொட்டைமாடிச் சுவரிலும் பாறை மேலும் பழக்கொட்டையோடு எச்சம் கிடந்தால் மரநாய் என்று எழுதிக்கொள்ளலாம்.

நீர்நாய் மஸ்டெலிடே குடும்பம். விரல்களுக்கு இடையே சவ்வு பதியும். அதைப் பார்க்க வேண்டுமானால் சிதம்பரத்துக்கு அப்பால் பிச்சாவரம் அலையாத்திக் கழிமுகத்துக்குப் போக வேண்டும்.

தடத்தை நகலெடுப்பதில் விருத்தாசலத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்லிப் வார்ப்புக்கு அச்சு செய்கிற அதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான் இதற்கும். தெளிவான தடத்தைத் தேர்ந்து, உதிர்ந்து கிடக்கும் சருகை ஊதிவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டித் தடத்தைச் சுற்றிச் செருகுங்கள். ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு பிளாஸ்டர். தண்ணீரில் தூளைத் தூவ வேண்டும், தூளில் தண்ணீரை ஊற்றக்கூடாது. குமிழி வராமல் மெல்லக் கலக்குங்கள். நேராகத் தடத்தின் மேல் ஊற்றினால் விளிம்பு சரியும். வளையத்தின் ஓரத்தில் விட்டால் தானாகப் பரவும். அரைமணி நேரத்தில் இறுகும். ஈரம் பட்டுப் பழசான தூள் இறுகாது என்பது அச்சு வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்ததே. எடுத்த உடனே மண்ணைக் கழுவாமல், ஒரு நாள் காயவிட்டு மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். உங்கள் கையில் இருப்பது பாதத்தின் அடிப்புறம். மண்ணில் இடப்பக்கம் பார்த்த விரல் இதில் வலப்பக்கம் இருக்கும். பின்புறம் தேதி, இடம், முன்காலா பின்காலா என்று ஈரம் காயும் முன்னே கீறிவிடுங்கள்.

குளம்பு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இரண்டாகப் பிளந்த குளம்பு ஆர்ட்டியோடாக்டைலா வரிசை: ஆடு, மாடு, மான், பன்றி. ஒற்றைக் குளம்பு பெரிசோடாக்டைலா: குதிரை, கழுதை. அய்யனார் கோயில் மண்குதிரைகளின் காலைப் பார்த்தே இதைச் சிறுவர்களுக்குச் சொல்லித்தரலாம். கறிக்கடையில் ஆட்டுத்தலையைப் பார்த்தால் மேல்தாடை முன்பக்கம் பல்லே இல்லாமல் கெட்டியான ஈறு மட்டும் இருக்கும்; கீழே எட்டுப் பல். அசைபோடும் ஆடு, மாடு, மான் எல்லாவற்றுக்கும் இது பொது. பன்றி அசைபோடாது, அதற்கு மேலும் கீழும் முன்பல் உண்டு, கோரைப்பல் வெளியே நீளும். கிளைவிட்டு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும் கொம்பு மான் குடும்பம், செர்விடே. கிளைவிடாமல் உறையோடு ஆயுள் முழுக்க நிற்கும் கொம்பு மாட்டுக் குடும்பம், போவிடே. அதனால் கோடியக்கரையிலும் கிண்டியிலும் பார்க்கிற வெளிமான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பங்காளி, புள்ளிமானுக்கு இல்லை.

வௌவால்

லின்னேயஸ் 1758-இல் விலங்குகளை வரிசைப்படுத்தியபோது வௌவாலைக் குரங்கோடும் மனிதனோடும் ஒரே வரிசையில் வைத்தார். இன்று அது தனி வரிசை, கைராப்டிரா. கைவிரல்கள் நீண்டு அவற்றுக்கிடையே சவ்வு விரிந்த சிறகு ஒன்றே வரிசை அடையாளம். பாலூட்டிகளில் சிறகடித்துப் பறப்பது இது மட்டும்தான். வரிசையை அறிவது இவ்வளவு எளிது. குடும்பம் பிரிப்பதுதான் வேலை. கையில் பிடிக்கவே தேவையில்லை. முகத்தையும் வாலையும் மட்டும் பார்க்க இருகண்ணோக்கி போதும்.

சிறகில் கட்டைவிரல் நகத்தோடு இரண்டாவது விரலிலும் ஒரு நகம், பெரிய கண், நாய்முகம், காதின் விளிம்பு அறுபடாத வளையம், இத்தனையும் இருந்தால் பழந்தின்னி வௌவால் குடும்பமான டீரோபோடிடே. ஆலமரத்தில் பகலில் கூட்டமாகத் தொங்குவது பெரிய பழந்தின்னி. பனையோலை மடிப்பிலும் நெட்டிலிங்க மரத்திலும் சின்னக் கூட்டமாக ஒளிந்திருப்பது குட்டைமூக்குப் பழந்தின்னி. முந்திரிக்காரர்களுக்கு இவை நன்கு பழக்கம். பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய், சாற்றை உறிஞ்சிவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். காலையில் ஏதோ ஒரு வேப்பமரத்தடியில் முந்திரிக்கொட்டை சிதறிக் கிடந்தால் மேலே அண்ணாந்து பாருங்கள்.

மற்ற குடும்பங்கள் பெரும்பாலும் பூச்சி தின்பவை. தமிழகத்துப் பழங்கோயில்களில் இருள்மண்டபங்களிலும் கல்லிடுக்குகளிலும் வாழ்பவை இவைதான். வால் சவ்வை விட்டு வெளியே வந்து எலிவால்போல நீளமாகத் தொங்கினால் ரைனோபோமாடிடே. வால் சவ்வின் நடுவே துளைத்துக்கொண்டு மேற்புறம் நுனி மட்டும் எட்டிப்பார்த்தால் எம்பல்லோனூரிடே. இவை தலைகீழாக முழுதாகத் தொங்காமல் சுவரில் வயிறு பதிய ஒட்டிக்கொண்டிருக்கும், ஆள் வந்தால் நண்டுபோலப் பக்கவாட்டில் நகரும். மூக்கின் மேல் இலைபோன்ற தோல்மடிப்பு இருந்தால் பெரும்பாலும் ஹிப்போசிடரிடே. மூக்கிலையோடு, இரண்டு பெரிய காதும் நெற்றியில் ஒன்றாக இணைந்து, வால் வெளியே தெரியாமல் இருந்தால் மெகாடெர்மாடிடே. இந்தக் கடைசிக் குடும்பத்தைப் பார்க்காமலே அறியலாம்: அது தொங்கும் இடத்துக்குக் கீழே பல்லி வாலும் தவளைக் காலும் பூச்சிச் சிறகும் சிதறியிருக்கும். பயப்பட வேண்டாம், இரத்தம் மட்டுமே குடித்து வாழும் வௌவால் உலகத்திலேயே லத்தீன் அமெரிக்காவில் மட்டும்தான் உண்டு. முகம் சாதாரணமாக, மூக்கிலை இல்லாமல், வால் நுனிவரை சவ்வுக்குள்ளேயே அடங்கியிருந்தால் வெஸ்பெர்டிலியோனிடே. அந்தி மயங்கும்போது தெருவிளக்கைச் சுற்றும் குட்டி வௌவால்கள் பெரும்பாலும் இதுவே.

அரிதாகக் கிடைப்பவை

தட்டையான நகம், பற்றிப்பிடிக்கும் கட்டைவிரல், முன்னோக்கிய கண் மூன்றும் பிரைமேட் வரிசை. கோயில் வாசலில் பிரசாதம் பறிக்கும் நாட்டுக்குரங்கைப் பார்த்தே கற்கலாம். தேவாங்கு அதே வரிசையில் லோரிசிடே குடும்பம். பின்னங்கால் இரண்டாம் விரலில் மட்டும் தட்டை நகத்துக்குப் பதில் கூர்நகம், மயிர் கோதுவதற்கு. தேவாங்குக்காகவே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர்த் தேவாங்கு சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. எறும்புதின்னிக்குப் பல்லே கிடையாது, உடலெங்கும் நம் நகத்தின் பொருளாலான செதில், அது ஃபோலிடோட்டா. அணில்போல இருந்து, முகம் மட்டும் கூர்ந்து, தோளில் வெளிர்க் கோடு ஓடினால் மூங்கில் அணத்தான், ஸ்கான்டென்ஷியா வரிசை. கல்வராயன் மலை, சேர்வராயன் மலைப் பக்கம் போகிறவர்கள் அணில் என்று விட்டுவிடாமல் ஒருமுறை திரும்பிப் பார்க்கவும். அணிலின் மீசை நீளம், இதன் மீசை குட்டை.

பதிவேடு

தேதி, நேரம், இடம், மண் அல்லது மரம், விரல் எண்ணிக்கை, பல் வகை, வால், மூக்கு, இவற்றை முதலில் எழுதுங்கள். பெயரைக் கடைசியாக எழுதுங்கள். வரிசை மட்டும் தெரிந்து குடும்பம் தெரியவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். அதுவும் முழுமையான பதிவுதான். பெயரை முதலில் எழுதிவிட்டால் மற்றதையெல்லாம் அந்தப் பெயருக்கேற்ப வளைக்கிற ஆசை வரும்.

தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த ஒரு வௌவால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் குட்டைமூக்குப் பழந்தின்னி என்ற பெயரோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. பிறகு தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். கீழ்த்தாடையில் வெட்டுப்பல் ஒரு சோடிதான், வெளியே வாலும் இல்லை. குட்டைமூக்குப் பழந்தின்னிக்குக் கீழே இரண்டு சோடி உண்டு, சின்னதாக ஒரு வாலும் உண்டு. 1972-இல் அது புதிய பேரினமாகவே வெளியானது. அதற்குப் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை வைத்தார். தவறான பெயர் எழுதியிருந்தும் இத்தனை ஆண்டு கழித்துத் திருத்த முடிந்ததற்குக் காரணம், பிடித்த இடமும் ஆண்டும் சீட்டில் சரியாக இருந்ததும், மண்டையோடு பல்லோடு பத்திரமாக இருந்ததும்தான்.

உங்கள் பதிவேட்டில் படத்தோடு பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து எடுங்கள். தடம் என்றால் நீளம், அகலம், அடுத்த தடம் வரை உள்ள தூரம். மண்டையோடு என்றால் மேலிருந்து, பக்கவாட்டில், அடிப்புறம் என்று மூன்று படம். அடிப்புறப் படத்தில் கடைவாய்ப் பற்கள் எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிட்டு நகருங்கள்.